பழகாத பாதை

பாடசாலை அதிபர் ஒருவர் மோட்டார்ச் சைக்கிள் பந்தயத்தைப் பற்றிப் பேச முற்படுவது நேயர்களிற் சிலருக்கு விந்தையாகத் தோன்றக்கூடும். அப்பந்தயங்களின் இரைச்சலுக்கும் எமது வகுப்பறைகளுக்கும் என்ன தொடர்பு என்று அவர்கள் கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். வேகம் என்பது இளைஞரைக் கெடுக்கும் ஒரு மயக்கம் என்பதே என் துணிபாக இருந்தது. என்னிடம் பயின்ற ஒருவரின் பொருட்டு ஒரு சனியையும் ஞாயிறையும் பந்தயத் திடலொன்றிற் கழிக்க நேர்ந்த பின்னரே இவ்விளையாட்டின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்தவற்றையும் கண்டவற்றையும் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

உலகப் புகழ் பெற்ற வீரரைப் பற்றியதன்று என் பேச்சு. வாரத்தில் ஐந்து நாள் கந்தோரிலோ கடையிலோ வேலைசெய்து, ஆறாம் நாளும் ஏழாம் நாளும் தன் சொந்தப் பணத்தில், தன் சொந்த வண்டியில் போட்டியிடச் செல்கிறானே, அவனைப் பற்றியது. ஆங்கிலேயர் இத்தகையவனை அமெச்சூர் என்பர். அன்பு செய்பவன் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது அச்சொல். ஊதியத்துக்காக அன்றி, ஒன்றன்மேற் கொண்ட அன்புக்காகவே அதனைச் செய்பவன் என்பது அதன் கருத்து. அவ்வாறான ஒருவன் முன்பின் கண்டறியாத ஒரு பாதையில் முதன்முதல் இறங்கும்போது என்ன நிகழ்கிறது? இவ்விளையாட்டின் வரலாற்றில் இக்கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது.

இவ்வரலாறு ஒரு சட்டத்திலிருந்து தொடங்குகிறது. இங்கிலாந்தில் 1903ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வீதிகளில் மணிக்கு 20 மைல் என்ற வேக வரம்பை விதித்தது. பந்தயத்துக்காகப் பொதுவீதியை மூடுவதற்கும் அந்நாட்டில் இடமிருக்கவில்லை. ஆனால் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மான் தீவு தனக்கெனச் சட்டமன்றம் உடையது. அத்தீவின் மன்றம் 1904இல் வீதிகளைப் பந்தயத்துக்காக மூடலாமென ஒரு சட்டம் இயற்றிற்று. அதன் பயனாக 1907ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் திகதி, ரூறிஸ்ற் ட்ரொபி என்று பின்னர் உலகெங்கும் அறியப்பட்ட மோட்டார்ச் சைக்கிள் பந்தயம் அங்கே முதன்முறையாக நடைபெற்றது.

அன்று புறப்பட்டவை 25 வண்டிகள். ஒரு சுற்று ஏறத்தாழ 16 மைல். பத்துச் சுற்றுக்கள் ஓட வேண்டும். பாதை தார் காணாத மண்வீதி. கன்றுகாலிகள் நடப்பதும் பால்வண்டிகள் போவதுமான வீதி அது. ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளுக்கு ஒரு கலன் பெற்றோலுக்கு 90 மைல் என்றும், இரட்டைச் சிலிண்டர் வண்டிகளுக்கு 75 மைல் என்றும் எரிபொருள் அளந்து கொடுக்கப்பட்டது. நடுவிலே பத்து நிமிட ஓய்வும் கட்டாயமாக்கப்பட்டிருந்தது. ஒற்றைச் சிலிண்டர் பிரிவில் மட்ச்லெஸ் வண்டியில் ஓடிய சாளி கொலியர் மணிக்கு 38 மைலுக்குச் சற்று மேற்பட்ட சராசரி வேகத்தில் வென்றார். இன்று எம் ஊர்களில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பஸ்ஸும் இவ்வேகத்தை எட்டும்.

அப்பந்தயத்தில் என் உள்ளத்தைக் கவர்ந்தவர் கொலியர் அல்லர். இரட்டைச் சிலிண்டர் பிரிவில் வென்ற றெம் ஃபவுலர். நோர்ட்டன் வண்டியில் அவர் ஓடினார். வழிநெடுக அவருடைய வண்டி கோளாறு கொடுத்தது. தீப்பொறிக் குமிழ்களை மாற்றினார். இயக்கு பட்டையைச் சரிசெய்தார். ஓரிடத்தில் முன் ரயர் வெடித்து வீழ்ந்தார். போதுமென்று விட்டுவிட எண்ணியிருந்த வேளையில், வீதியோரத்தில் நின்ற பார்வையாளர் ஒருவர், அவர் தம் பிரிவில் அரை மணி நேரம் முன்னணியில் நிற்பதாகச் சொன்னார். ஃபவுலர் அதனை அறிந்திருக்கவேயில்லை. மீண்டும் வண்டியைத் தூக்கி நிறுத்தி ஓடி, மணிக்கு 36 மைல் சராசரி வேகத்தில் வெற்றி பெற்றார். நீண்ட பாதையிலே தனியாகச் செல்பவனுக்குத் தான் எங்கே நிற்கிறான் என்பது தெரிவதில்லை. வழியில் நிற்கும் ஒருவரே அதனைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1911இல் இப்பந்தயம் மலைவழியாகச் செல்லும் நீண்ட பாதைக்கு மாற்றப்பட்டது. இன்று அப்பாதையின் ஒரு சுற்று முப்பத்தேழே முக்கால் மைல். வளைவுகளோ இருநூறுக்கு மேல். கடல்மட்டத்தை அண்டித் தொடங்கி 1,300 அடிக்கு மேல் ஏறி இறங்குவது. ஊர் நடுவே வெயில் அடிக்க, மலைமேலே மூடுபனி கவிந்திருக்கும். எமது நுவரெலியா வீதியிற் சென்றவர்களுக்கு இது புதிதாக இராது. இவ்வளவு நீண்ட பாதையை ஒருவன் எவ்வாறு மனத்திற் பதிப்பது? மாணவன் ஒருவன் நீண்ட செய்யுளைப் பாடமாக்குவது போலவே என்று சொல்லலாம். முதலில் ஒரு பகுதி. பின்னர் அடுத்த பகுதி. அதன் பின் இரண்டையும் இணைத்தல். ஒரு வளைவை மறந்தவன் அடுத்த வளைவையும் பிழைவிடுகிறான்.

தொழில்முறை சாராதவர்களுக்கெனவே 1923இல் அங்கு தனிப் பந்தயம் ஒன்று தொடங்கப்பட்டது. மான் தீவு அமெச்சூர் வீதிப் பந்தயம் என்பது அதன் பெயர். சன்பீம் வண்டியில் ஓடிய லென் றாண்டில்ஸ் என்பவர் முதலாண்டிலும் அடுத்த ஆண்டிலும் அதனை வென்றார். ஆனால் அமெச்சூர் என்பவன் யார் என்ற வாதம் விரைவிலே தலைதூக்கியது. வண்டி செய்யும் கம்பனியிடமிருந்து ஓர் உதிரிப்பாகம் இலவசமாகப் பெற்றவன் அமெச்சூரா? வென்ற பின்னர் விளம்பரத்திலே தன் பெயர் வர இசைந்தவன் அமெச்சூரா? இவ்வாதத்துக்கு முடிவு காணமாட்டாமல் விதிகளைத் தளர்த்தி, 1930இல் பந்தயத்தின் பெயரை மான் தீவுப் பெரும்பரிசு என்று மாற்றினார்கள். அன்பை விதிகளால் வரையறுக்க முயன்றதன் விளைவு அது. அதே பந்தயத்தில் வேறொரு நல்வழக்கமும் வேரூன்றியது. புதிதாக வருபவர்களுக்கு அடையாளச் சட்டை அணிவித்து, பாதையை நன்கறிந்த ஒருவர் முன்னே மெதுவாகச் செல்ல, அவர் பின்னே ஒரு சுற்று ஓடவைப்பார்கள். அச்சட்டையை அணிவதில் எவருக்கும் வெட்கமில்லை. நான் இந்தப் பாதைக்குப் புதியவன் என்று ஊரறியச் சொல்வதே அங்கே முதற் பாடமாக அமைந்துவிட்டது.

பழகாத பாதைக்கு வந்து பழகியவரைத் தலைநிமிர்ந்து பார்க்கவைத்தவர்களும் உண்டு. 1959ஆம் ஆண்டு யப்பானிலிருந்து ஹொண்டாக் குழுவினர் மான் தீவுக்கு வந்தார்கள். அக்கம்பனியின் நிறுவுநர் சொய்ச்சிரோ ஹொண்டா, அத்தீவின் பந்தயத்திற் பங்குபற்றப் போவதாக 1954இலேயே அறிவித்திருந்தார். அவருடைய ஓட்டுநர்கள் தங்கள் நாட்டில் அசாமா எரிமலைச் சாரலின் சாம்பல் மண்ணிற் போட்டியிட்டுப் பழகியவர்கள். தார்வீதிப் பந்தயம் அவர்களுக்குப் புதிது. மலைப்பாதையை மனத்திற்கொண்டே அவர்கள் ஆயத்தம் செய்திருந்தார்கள். ஆனால் அவர்களுடைய 125 சி.சி. பிரிவு ஓடவேண்டியிருந்ததோ கிளிப்ஸ் என்னும் வேறொரு குறுகிய பாதையில். அவர்கள் மனந்தளரவில்லை. ஏறத்தாழ ஒரு மாதம் முன்னரே வந்து, அவ்வீதிகளைச் சுற்றிச் சுற்றிப் படித்தார்கள். முடிவில் நவோமி தனிகுச்சி ஆறாம் இடம் பெற்றார். ஏழாம், எட்டாம், பதினோராம் இடங்களும் அக்குழுவுக்கே கிடைத்தன. குழுப் பரிசும் அவர்களைச் சேர்ந்தது. இரண்டே ஆண்டுகளில், 1961இல், மைக் ஹெயில்வுட் அவர்களுடைய வண்டிகளில் அங்கே இரண்டு பிரிவுகளில் வென்றார். ஆறாம் இடத்தை இழிவென எண்ணாதவர்களுக்கே முதலாம் இடம் பின்னர் வந்து சேர்ந்தது.

மேலைநாட்டு வரலாற்றிலிருந்து எமது பக்கத்துக்கு வருவோம். இங்கே பந்தயப் பாதைகள் இரண்டு வகையாகத் தோன்றின. ஒன்று தோட்ட வீதி. மற்றொன்று போர் விட்டுச்சென்ற விமானத்தளம்.

தோட்ட வீதிக்கு மிகப் பழைய சான்று நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை. 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் எமது நாட்டின் மோட்டார் விளையாட்டுக்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. ஏப்ரல் மாதத்துப் பருவகாலத்தில், ஒருவர் பின் ஒருவராகத் தனித்தனியே மேடேறி, கடிகாரத்தோடு போட்டியிடும் பந்தயம் அது. பக்கத்தில் எதிரி இல்லை. எதிரில் இருப்பது வளைவு மட்டுமே.

அந்த மலைச்சரிவிலே வீதி எவ்வாறு வந்தது என்று கேட்டால், எம்மவர் வரலாறு ஒன்று அங்கே எதிர்ப்படுகிறது. மலைநாட்டின் தோட்ட வீதிகளை வெட்டியவர்களும் கல் பரப்பியவர்களும் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரே. அவர்கள் வந்த வழி எமது மாத்தளை வழி. கோப்பிக் காலத்திலே மன்னார்க் கரையில் இறங்கி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை எனக் காட்டினூடாக நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளையை அடைந்தார்கள். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலே வீழ்ந்தவர் பலர். நடந்து சேர்ந்தவர்கள் உயிர் தப்பியதற்கு நன்றி கூறி வணங்கிய இடமென மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலை எம் முதியோர் சொல்வர். 1880இல் மாத்தளைக்குப் புகைவண்டி வந்த பின்னரும் அவ்வழியின் நினைவு அழியவில்லை. பழகாத பாதை என்ற சொல்லின் முழுப் பொருளை அறிந்தவர்கள் அவர்களே. அவர்களுக்கு வழிகாட்ட அடையாளச் சட்டை அணிந்தவர் எவரும் இருக்கவில்லை. இன்று ஒருவன் நிமிடக் கணக்கில் ஏறி முடிக்கும் மலைவீதியின் ஒவ்வொரு முழமும் அவர்களுடைய மண்வெட்டியால் அளக்கப்பட்டது. இதனை நினைந்துகொண்டு ஓடுபவன் வேகம் குறைந்துவிட மாட்டான். ஆனால் செருக்குக் குறைவான்.

மற்றவகைப் பாதை போரின் பிள்ளை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பல நாடுகளில் விமான ஓடுபாதைகள் வெறுமையாகக் கிடந்தன. இங்கிலாந்தின் சில்வர்ஸ்ரன் குண்டுவீச்சு விமானத்தளம் 1948இல் பந்தயத் திடலாயிற்று. தமிழ்நாட்டிலே சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரம் விமானத்தளமும் அவ்வாறே மாறியது. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் அங்கே பந்தயங்களை நடத்தினார்கள். ஆண்டுதோறும் பல்லாயிரம் மக்கள் கூடினார்கள். இலங்கையிலிருந்தும் ஓட்டுநர்கள் கடல்கடந்து சென்று அங்கே போட்டியிட்டதுண்டு. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயப் பாதை திறக்கப்பட்டதோடு சோழவரத்தின் காலம் முடிந்தது. எமது நாட்டிலே களுத்துறைக்கு அருகேயுள்ள கட்டுக்குருந்தை, போர்க்காலத்திற் பிரித்தானியக் கடற்படையின் விமானத்தளமாக இருந்தது. பின்னாளில் அதுவே மோட்டார்ப் பந்தயத்துக்குப் பேர்பெற்ற இடமாயிற்று. எமது மாத்தளை மாவட்டத்துச் சீகிரியத் தளமும் போர்க்காலத்திற் பிரித்தானிய வான்படையினர் அமைத்ததே. காசியப்பனின் குன்றை அண்டிய அத்தளத்தில் இலங்கை விமானப்படை மண்பாதைப் பந்தயங்களை நடத்தியிருக்கிறது. இவ்வாறு, குண்டு சுமக்கும் விமானங்களுக்காக அமைத்த தளங்களிலே இளைஞர் விளையாட வந்தார்கள். போர் விட்டுச்சென்ற பொருள்களுள் இதைவிட நல்ல பயன் பெற்றவை அதிகமில்லை.

இனி நான் தொடக்கத்திற் குறிப்பிட்ட சனி ஞாயிறுக்கு வருகின்றேன். என் பழைய மாணவர் மாத்தளைக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞர். மலையேற்றப் பந்தயங்களில் இருமுறை கலந்துகொண்டவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் என்னிடம் வந்து, “சேர், இம்முறை கட்டுக்குருந்தைக்குப் போகிறேன். அந்த இடத்தை நான் கண்ணாலும் கண்டதில்லை. நீங்களும் வந்தால் வீட்டிலே மறுக்க மாட்டார்கள்,” என்றார். அவருடைய தாயாருக்கு நான் கொடுக்கவேண்டிய உறுதி எதுவென்பது எனக்கு விளங்கிற்று. இசைந்தேன்.

வெள்ளி மாலை கந்தோர் விட்டதும் சிறிய லொறி ஒன்றில் வண்டியைக் கயிற்றாற் கட்டிப் புறப்பட்டோம். பலகடுவைக் கணவாயின் வளைவுகளிலே அவர் பேசிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வளைவுக்கும் அவரிடம் ஒரு குறிப்பு இருந்தது. இந்த மதகுக்கு முன் வேகம் தணிக்க வேண்டும். அந்தப் பலாமரத்தைக் கண்டதும் திரும்ப வேண்டும் என்றார். கண்டி, கேகாலை, கொழும்பு கடந்து நூறு மைலுக்கு மேற்பட்ட பயணத்தை முடித்து நாங்கள் சேர்ந்தபோது நள்ளிரவு கழிந்திருந்தது.

சனிக்கிழமை காலை வண்டிகளைச் சோதிப்போர் முன்னிலையில் நீண்ட வரிசை. ஒரு பரீட்சை மண்டபத்தின் வாயிலை அது எனக்கு நினைவூட்டியது. முறுக்கிய கைப்பிடி விட்டதும் தானே திரும்பி வருகிறதா, பிரேக் பிடிக்கிறதா, சங்கிலி தளர்ந்திருக்கிறதா, எண்ணெய் வடிக்கும் ஆணி கழன்றுவிடாதபடி கம்பியாற் கட்டப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். விளக்குக் கண்ணாடி உடைந்து பாதையிற் சிதறாதபடி ஒட்டுநாடா சுற்றியிருக்க வேண்டும். தலைக்கவசமும் தோலுடையும் கையுறையும் தனியே சோதிக்கப்பட்டன. ஓர் ஆணியின் கம்பி குறைவென்று என் மாணவரைத் திருப்பி அனுப்பினார்கள். வாடிய முகத்தோடு வந்து கம்பி கட்டிக்கொண்டு மீண்டும் வரிசையின் கடைசியில் நின்றார். தன்னால் விழும் ஒரு துளி எண்ணெய் பின்னால் வருபவனின் உயிரைக் குடிக்கும் என்பதை அந்த வரிசை அவருக்குக் கற்பித்தது.

பின்பு பயிற்சி ஓட்டம். முதல் மூன்று சுற்றுக்களில் அவர் மிக மெதுவாக ஓடினார். நான்காம் சுற்றில் துணிவு வந்தது. ஐந்தாம் சுற்றில், நேர்ப்பாதையின் முடிவிலே திரும்ப வேண்டிய இடத்தைக் கடந்து, நேரே புல்வெளிக்குள் ஓடி வீழ்ந்தார். என் நெஞ்சு ஒருகணம் நின்றுவிட்டது. அவர் எழுந்து நின்று கையசைத்த பின்னரே மூச்சு வந்தது. முழங்கையில் உராய்வு, வண்டியின் கிளச்சுப் பிடி இரண்டாக முறிந்திருந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் சொன்னது இதுதான்: “சேர், எங்கே பிரேக் பிடிப்பதென்று தெரியவில்லை. பார்த்துக்கொள்ள ஒரு மரங்கூட இல்லை.” அச்சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. மலைவீதியிலே வளர்ந்தவனுக்கு மரமும் மதகும் கல்லுமே எழுத்துக்கள். விமானத்தளத்திலோ எல்லாம் ஒரே மட்டம். விமானத்துக்குத் தடையாகாதபடி மரங்களை அகற்றிய நிலம் அது. பழகிய மொழியிற் புலவனாக இருந்தவன் பிறமொழியின் அரிச்சுவடிக்கு முன் நிற்பது போல அவர் நின்றார்.

அவ்வேளையில் அடுத்த கூடாரத்திலிருந்த சிங்கள நண்பர் ஒருவர் வந்து முறிந்த பிடியைப் பார்த்தார். ஒன்றும் பேசாமற் சென்று, தமது பெட்டியிலிருந்து வேறொரு பிடியைக் கொண்டுவந்து பொருத்தித் தந்தார். மறுநாள் அவரும் இவரும் ஒரே பிரிவில் எதிரெதிராக ஓட இருந்தவர்கள். பணம் கொடுக்க முற்பட்டபோது சிரித்து மறுத்துவிட்டார். நான் முன்னே சொன்ன இலத்தீன் வேரின் பொருளை அன்றுதான் கண்ணாற் கண்டேன்.

அன்று மாலை திடல் அடங்கியதும் அந்த நண்பர் என் மாணவரை அழைத்து, நடந்து பார்ப்போம் என்றார். நானும் பின்சென்றேன். கடற்காற்று வீசிக்கொண்டிருந்தது. இருவரும் பாதை முழுவதையும் நடந்தார்கள். மரமில்லாத இடத்தில் எதைப் பார்ப்பது என்று அனுபவசாலி காட்டிக்கொடுத்தார். ஓடுபாதையின் வெடிப்பில் முளைத்திருந்த புல் ஓர் அடையாளம். முன்னைய பந்தயத்து ரயர்கள் விட்ட கருங்கோடு இன்னொன்று. மேற்பரப்பைப் புதுப்பித்த ஒட்டின் விளிம்பு மற்றொன்று. ஒரு வளைவில் அவர் குந்தி இருந்து தரையைக் கையால் தடவிக் காட்டினார். நின்று பார்த்தால் தெரியாத சிறு மேடு, குந்தினால் தெரிந்தது. காற்று எப்பக்கம் வீசுகிறதோ அப்பக்கம் நேர்ப்பாதையில் வண்டி சாயும். அதற்கும் இடம்விட வேண்டும் என்றார். என் மாணவர் ஒவ்வொன்றையும் சிறு கொப்பி ஒன்றிற் குறித்துக்கொண்டார். வகுப்பறையில் நான் பலமுறை வற்புறுத்தியும் அவர் இவ்வளவு கருத்தோடு எழுதியதில்லை என்பதையும் உண்மையின் பொருட்டுச் சொல்லிவிட வேண்டும்.

வேகத்தின் பாதையைக் கால்நடையாகக் கற்றுக்கொள்ளும் அக்காட்சி என் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. மறுநாட் போட்டியில் என் மாணவர் பதினொருவரில் ஏழாவதாக வந்தார். முதல்நாள் வீழ்ந்த அதே இடத்தில், ஒவ்வொரு சுற்றிலும் உரிய அடையாளத்தைக் கண்டு வேகம் தணித்துத் திரும்பினார். பிடி தந்த நண்பர் நான்காவதாக வந்தார். இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். கிண்ணம் எதுவும் எங்கள் லொறியில் ஏறவில்லை. திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு அவர் தமது கந்தோர் மேசையில் இருந்தார். நான் காலைக் கூட்டத்தில் நின்றேன்.

நேயர்களே, இவ்விளையாட்டின் இருண்ட பக்கத்தை மறைத்துவிட்டால் என் பேச்சு நேர்மையுடையதாகாது. 1955ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் காரோட்டப் பந்தயத்தில் ஒரு வண்டி மக்கள் கூட்டத்திற் பாய்ந்து எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சுவிற்சர்லாந்து அதன் பின்னர் திடற் பந்தயங்களையே தடைசெய்தது. எமது நாட்டிலும் 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, தியத்தலாவையில் நடைபெற்ற பொக்ஸ் ஹில் பந்தயத்தின்போது கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர் நின்ற பக்கம் பாய்ந்தது. சிறுமி ஒருத்தி உட்பட ஏழு பேர் உயிரிழந்தார்கள். பார்க்க வந்தவர்கள் வீடு திரும்பவில்லை. தடுப்பு வேலியும் பார்வையாளர் நிற்கும் தூரமும் ஓட்டுநரின் தலைக்கவசத்தைப் போலவே இன்றியமையாதவை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இன்னொரு துயரத்தையும் சொல்லவேண்டும். அதிபர் என்ற முறையில் நான் சென்ற மரணவீடுகளில் இரண்டு, மோட்டார்ச் சைக்கிளிற் சென்று உயிர்விட்ட இளைஞருடையவை. இருவரும் என் மாணவர். எந்தப் பந்தயத்திலும் அவர்கள் மாண்டுபோகவில்லை. மாலைவேளையில், நன்கு பழகிய வீதியில், தலைக்கவசத்தைக் கைப்பிடியிலே தொங்கவிட்டபடி சென்றபோது நிகழ்ந்தது அது. அவ்வீதியின் ஒவ்வொரு வளைவையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். எல்லாம் தெரியும் என்ற எண்ணமே அவர்களுக்குக் கூற்றாயிற்று. எதிரே வரும் லொறி அன்றைக்குப் புதியது என்பதை அவர்கள் எண்ணவில்லை. ஒருவருடைய தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவன் கண்ணை மூடிக்கொண்டும் போகக்கூடிய ரோட்டுத்தானே, ஐயா,” என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

கட்டுக்குருந்தையிற் கழிந்த அந்தச் சனிக்கிழமை மாலையிலேதான் விடை கிடைத்ததென எண்ணுகிறேன். பழகாத பாதை மனிதனை விழிப்போடு வைக்கிறது. பழகிய பாதையோ தாலாட்டுகிறது. அடையாளச் சட்டையோடு ஒருவர் பின்னே மெதுவாகச் செல்லும் புதியவனும், ஒரு மாதம் முன்னரே வந்து அந்நிய வீதியைச் சுற்றிப் படித்த யப்பானியரும், வெடிப்பில் முளைத்த புல்லைக் கொப்பியிற் குறித்துக்கொண்ட என் மாணவரும் செய்தது ஒன்றே. தமக்குத் தெரியாதென்பதை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். எந்தக் கல்விக்கும் அதுவே வாயில்.

வேகத்தை விரும்பும் இளைஞருக்கு வேகமே கூடாதென்று சொல்லும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். அச்சொல் அவர்கள் காதில் ஏறுவதில்லை. அதற்குப் பதிலாக, வண்டியைச் சோதிப்போர் உள்ள இடத்தில், வேலியிட்ட திடலில், மருத்துவ வண்டி காத்துநிற்கும் பாதையில் உன் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள் என்கிறேன். பொதுவீதியிலே கிழவியும் ஆடும் பாடசாலைப் பிள்ளையும் நடக்கிறார்கள். அது அவர்களுக்கும் உரியது என்கிறேன். சிலர் கேட்கிறார்கள்.

என் பழைய மாணவர் இப்போதும் கந்தோருக்குப் பலகடுவைக்கு அப்பாலிருந்து மோட்டார்ச் சைக்கிளிலேயே வந்து போகிறார். அண்மையில் ஒருநாள் அவருக்குப் பின்னே எனது வாகனம் வர நேர்ந்தது. மதகுக்கு முன் வேகம் தணித்தார். பலாமரத்தடியில் ஓரமாகத் திரும்பினார். ஆயிரம் முறை கடந்த வளைவு அது. அன்றுதான் முதன்முறை காண்பவர் போலச் சென்றார்.